புதுப்பிப்பு: மாடித் தேக்குத் தரையில் பெயிண்ட் உரிவது நின்றுவிட்டது

மாடி அறையின் தேக்குப் பலகைத் தரையில் அடித்த பெயிண்ட் இரண்டே மாதத்தில் தோல் தோலாக உரிகிறது என்று ஜூனில் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய்தான் காரணம் என்றவர் சொன்னது சரி. பழையதை முழுக்கச் சுரண்டி, 80, அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள் போட்டேன். ஜன்னல்களைத் திறந்துவைத்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் அன்றே பிரைமர். இந்த ‘அன்றே’ முக்கியம். நாள் கடந்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். அதன்மேல் பியூ (பாலியூரித்தேன் என்ற, காய்ந்தால் கெட்டியாகும் வகை) பெயிண்ட், மெல்லிசாக இரண்டு கோட்.

எதிர்பாராதது, மழை ஈரத்தில் முதல் கோட் காயவே இரண்டு நாள் ஆனது. கட்டிலை ஒரு வாரம் கழித்துத்தான் போட்டோம்.

நான்கு மாதமாக உரியவில்லை. பலகை இணைப்புகளில் மட்டும் மயிரிழை விரிசல். மரம் ஈரத்துக்கு உப்பிச் சுருங்குவதால் வருவது.