மறு: மேய்ச்சல் பண்ணைகளுக்கான அரசுப் பணம் - ‘மானியம்’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செர்ரி கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் ஒரு நிர்வாகப் பிரிவு) மாட்டுப் பண்ணைகளுக்கு வறட்சிக்காலத்தில் அரசு கொடுக்கும் பணத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு மானியம், நிவாரணம், இழப்பீடு என்று மூன்று சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பணம் எப்படிக் கைக்கு வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

அமெரிக்காவில் வறட்சி வரைபடம் ஒன்று வியாழக்கிழமைதோறும் வெளியாகிறது. 2014 பண்ணைச் சட்டத்தின்படி 2025 வரை இருந்த விதி இது: மேய்ச்சல் பருவத்தில் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி அந்த வரைபடத்தில் எட்டு வாரம் தொடர்ந்து ‘கடும் வறட்சி’ நிறத்தில் இருந்தால் ஒரு மாதத் தொகை, அதற்கு அடுத்த நிறத்துக்குப் போய்விட்டால் மூன்று மாதத் தொகை. மாதத் தீவனச் செலவு என்று அரசு கணக்கிட்டு வைத்திருப்பதில் 60 விழுக்காடு, ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1,25,000 டாலர். யாருடைய நிலத்தில் எவ்வளவு புல் காய்ந்தது என்று யாரும் போய் அளப்பதில்லை. மாடும் மேய்ச்சல் நிலமும் அந்தக் கவுண்டியில் இருக்கின்றன என்று காட்டினால் போதும். செர்ரி கவுண்டியோ கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது, ஆள்தொகை ஆறாயிரம்கூட இல்லை. தெற்கு மூலையில் காய்ந்ததற்கு வடக்கு மூலையில் புல் நன்றாக நிற்பவருக்கும் பணம் வரலாம். இது நியாயமா என்பது வேறு விவாதம், ஆனால் நாம் உருவாக்கும் சொல் இந்த ஏற்பாட்டை மறைத்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இழப்பீடு என்றால் இழப்பை நிரூபிக்க வேண்டும். பனிப்புயலில் செத்த மாட்டுக்குச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு கொடுக்கும் தனித் திட்டம் இருக்கிறது, அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம். மானியம் என்றதும் நம் வாசகர் உர மானியத்தை நினைப்பார், வாங்கும் பொருளின் விலையைக் குறைப்பது அது. நிவாரணம் என்றால் ஒவ்வொரு முறையும் அரசு மனமிரங்கி அறிவிப்பது என்ற தொனி வந்துவிடுகிறது. இங்கே அறிவிப்பே தேவையில்லை, சட்டத்தில் எழுதி வைத்தாகிவிட்டது. 2011-இல் காலாவதியான திட்டத்தை 2014-இல் நிரந்தரமாக்கி, முன்தேதியிட்டு, 2012 பெருவறட்சிக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

என் பரிந்துரை: ‘வறட்சித் தீவனப்படி’. சுருக்கமாகத் தீவனப்படி. அரசு ஊழியர்களின் பஞ்சப்படியை நினைத்துப் பாருங்கள். விலைவாசிக் குறியீடு ஏறினால் படி ஏறுகிறது, உங்கள் வீட்டில் அரிசிக்கு எவ்வளவு செலவானது என்று யாரும் ரசீது கேட்பதில்லை. இங்கேயும் அதே கதைதான், குறியீட்டுக்குப் பதில் வரைபடம். வெறும் ‘வறட்சிப்படி’ என்று வைத்தால் ‘விதிப்படி’ போல ‘வறட்சியின்படி’ என்று படிக்க நேரும், அதனால்தான் தீவனத்தை உள்ளே கொண்டுவந்தேன்.

அப்புறம், ரான்ச் (ranch) என்பதற்குக் ‘கொரங்காடு’ என்று ஒரு நண்பர் சொன்னது பற்றி. கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமுமாகக் காங்கேயம் பக்கம் இன்றும் புழங்கும் சொல், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது மேய்ச்சல் நிலத்தின் பெயர். ரான்ச் என்பதில் நிலம், மந்தை, வீடு, தொழில் எல்லாம் அடங்கும். வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு, முழு அமைப்புக்கு மேய்ச்சல் பண்ணை என்று பிரித்துக்கொள்ளலாம். வெறும் ‘பண்ணை’ வேண்டாம், கோழிப்பண்ணையோடு குழம்பும்.

கவுண்டியை மாவட்டம் ஆக்குவதையும் எதிர்க்கிறேன். இந்தப் பணத்துக்கு விண்ணப்பம் வாங்கும் உள்ளூர் அலுவலகத்தை மேற்பார்க்கும் குழுவை அங்குள்ள விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்டம் என்று எழுதினால் வாசகர் மனதில் ஆட்சியர்தான் வந்து உட்காருவார். கவுண்டி என்றே இருக்கட்டும்.

தீவனப்படியில் குறை தெரிந்தால் சொல்லுங்கள், குறிப்பாகக் கால்நடைத் துறையில் வேலை பார்ப்பவர்கள். அங்கே இதே சொல் மாட்டுக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் தீவன அளவைக் குறிக்கப் புழங்குகிறது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.