குழந்தைகள் பாத்ரூம்: எதில் செலவு செய்தீர்கள், எதில் மிச்சம் பிடித்தீர்கள்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி அம்மா

வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் ஐந்துக்கு எட்டில் பழைய பாத்ரூம் ஒன்று இருந்தது. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. இரண்டு பேருக்குமாக அதை இந்த வருஷம் இடித்துப் புதிதாகச் செய்தோம். கூலியோடு சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல் போகவே கூடாது என்று என் வீட்டுக்காரரும் நானும் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

டைல்ஸ் கடையில் "குழந்தைங்க பாத்ரூம்" என்று வாயெடுத்ததுமே, அங்கிருந்த தம்பி டால்ஃபினும் நட்சத்திர மீனும் போட்ட சுவர் டைல்ஸை எடுத்துப் பரப்பிவிட்டார். பார்க்க அழகுதான். மகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஆனால் விலை சாதாரண டைல்ஸைப் போல ஒன்றரை மடங்கு. அதுகூடப் பரவாயில்லை. ஆறு வயதில் பிடித்த டால்ஃபின் பன்னிரண்டு வயதில் பிடிக்குமா? அப்போது சுவரை யார் இடிப்பது? வெறும் கிரீம் நிறத்தில் எடுத்தோம். மீன்களைத் தண்ணீர் பட்டாலும் உரியாத ஸ்டிக்கராக வாங்கி மகளையே ஒட்டச் சொன்னோம். அவளுக்கு ஒரே சந்தோஷம். குளிக்கும் பக்கம் மட்டும் 7 அடி உயரத்துக்கு டைல்ஸ், மற்ற சுவர்களில் 4 அடி, அதற்கு மேல் பெயின்ட். இதிலேயே நல்ல மிச்சம்.

அந்த மிச்சத்தைத் தரையில் போட்டோம். பெட்டியில் "ஆன்டி ஸ்கிட்" என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். பையில் குழந்தைகளின் சோப்பு வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, டைல்ஸைத் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, சோப்பைத் தடவி, குதிகாலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடித்த சில டைல்ஸ் சோப்புத் தண்ணீர் பட்டதும் சர்ரென்று வழுக்கின. கடைக்காரர் முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் அவரே உள்ளே போய் வேறு இரண்டு வகை எடுத்து வந்து, "இதையும் தேச்சுப் பாருங்கம்மா" என்றார். அதில் ஒன்றைத்தான் வாங்கினோம். ஓர் அடிக்கு ஓர் அடி, மேட் ஃபினிஷ். பெரிய டைல்ஸைவிடச் சின்னதில் இணைப்புகள் அதிகம், அதனால் காலுக்குப் பிடிப்பும் அதிகம். தண்ணீர் வடிய வாட்டம் கொடுக்கவும் சுலபம். ரொம்பச் சொரசொரப்பாகவும் எடுக்காதீர்கள். அழுக்கும் உப்பும் உள்ளே உட்கார்ந்துவிடும், தவழுகிற குழந்தைக்கு முட்டி சிராய்க்கும்.

நிறம் விஷயத்தில் நம் ஊர் போர் தண்ணீரை மறக்கக் கூடாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தாலும் குளிக்கக் கொள்ள எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். கறுப்பு, அடர் சாம்பல் டைல்ஸில் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இளம் சாம்பல், மணல் நிறம் என்று போனால் உப்பு கண்ணில் படாது. உப்பை எடுக்க ஆசிட் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டை அரித்துவிடும், குழாய் பளபளப்பையும் போக்கிவிடும், அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. தரை இடுக்குக்கு மட்டும் எபாக்ஸி கிரவுட் (பிசின் வகை இடுக்குப் பூச்சு) போடச் சொன்னோம். விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீர் உறிஞ்சாது. சுவருக்குச் சாதாரண கிரவுட்டே போதும்.

மேஸ்திரி நல்ல வேலைக்காரர். வாட்டத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "இன்னாம்மா நீ, தண்ணி தானா போயிடும், வுடு" என்பார். எனக்கு அது போதவில்லை. 8 அடி நீளத்துக்கு ஓர் அங்குலமாவது இறக்கம் வேண்டும் என்று நின்றேன். அதற்கு முன்னால் வாட்டர் ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்து, தண்ணீர் வெளியேறும் ஜாலியை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே சமையலறை சீலிங் காய்ந்தே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் ஒட்டவே விட்டோம். ஒட்டி முடிந்ததும் மகன் தன் கோலிக்குண்டுகளைக் கொண்டுவந்து நாலு மூலையிலும் வைத்தான். நாலும் ஜாலியைப் பார்த்தே உருண்டன. மேஸ்திரிக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

ராணிப்பேட்டை அப்பா

நல்ல பதிவு மேடம். நான் கம்மோடு கதை சொல்கிறேன்.

பையனுக்கு நாலு வயது. கடையில் பள்ளிக்கூடங்களுக்குப் போடும் குட்டிக் கம்மோடு ஒன்றைக் காட்டினார்கள். உயரம் ஓர் அடிக்கும் குறைவு. பையன் ராஜா மாதிரி உட்கார்ந்தும் பார்த்துவிட்டான். என் அப்பாதான், "ரெண்டு வருஷத்துல முட்டி மோவாய்க்கட்டைய இடிக்கும்டா. நானும் அதுல உக்கார முடியாது" என்றார். நியாயமான பேச்சு. பெரியவர்கள் உட்காரும் சாதாரண உயரத்திலேயே, தரையில் நிற்கும் கம்மோடு வாங்கினோம். சுவரில் தொங்கும் வகை பார்க்க நன்றாக இருக்கும், துடைப்பதும் சுலபம். ஆனால் சுவருக்குள் இரும்புச் சட்டம், மறைவுத் தொட்டி என்று செலவு எங்கோ போய்விடும். தொட்டியில் கோளாறு வந்தால் கை வைப்பதும் கஷ்டம்.

பையனுக்காக வாங்கியது இரண்டே சாமான். சீட் மேல் வைக்கும் சின்ன வளையம், கால் வைக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி. கால் தரையில் ஊன்றாமல் தொங்கினால் குழந்தைகளுக்கு மலம் கழிக்கச் சிரமம், மலச்சிக்கல் பிள்ளைகளுக்கு டாக்டரே முக்காலி போடச் சொல்வார். அதனால் முக்காலியை மட்டும் விடாதீர்கள். அடியில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சீட் மூடி மெல்ல இறங்கும் வகையாக இருக்கட்டும். படாரென்று விழும் மூடி சின்ன விரல்களை நசுக்கிவிடும். இந்த ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்த சில நூறு ரூபாய் எனக்கு வருத்தமே இல்லை.

இடிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பழைய கம்மோட்டின் கழிவுக் குழாய் தரைக்குப் போகிறதா, சுவருக்குப் போகிறதா, சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 9 அங்குலம், 12 அங்குலம் என்று வகை உண்டு. அது பொருந்திவிட்டால் தரையைக் கூடுதலாக உடைக்கும் கூலி மிச்சம். நாங்கள் எடுத்தது பாரிவேர். எங்கள் ஊரிலேயே தொழிற்சாலை இருக்கிறது, இப்போது ஸ்பெயின் நாட்டு ரோக்கா கம்பெனியின் கையில். உள்ளூர்ப் பாசம்தான், வேறொன்றுமில்லை.

குடியாத்தம் பிளம்பர்

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். குழாய் பற்றிச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்காக மழை ஷவர் வேண்டும் என்று கேட்டார்கள். தட்டு மாதிரி பெரியது, பெட்டியோடு வாங்கியே வைத்துவிட்டார்கள். மேலே ஏறித் தொட்டியைப் பார்த்தேன். பாத்ரூம் இருப்பது மாடி, மொட்டைமாடியில் தொட்டி. ஷவருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் நடுவே ஆறேழு அடிதான். அந்த மாதிரிப் பெரிய ஷவருக்கு ஒரு பார் அழுத்தமாவது வேண்டும், அதற்குத் தொட்டி 33 அடி உயரத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் மோட்டார் வைக்க வேண்டும். "அக்கா, இதை மாட்டினா மழை வராது, தூறல்தான் வரும்" என்றேன். பெட்டி பிரிக்காததால் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் கையில் பிடிக்கும் ஷவர் ஒன்று வாங்கி, கொக்கியை மூன்றடி உயரத்தில் அடித்தோம். பெரியவர்களுக்காக ஆறடியில் இன்னொரு கொக்கி. கையில் பிடிப்பது என்றால் தலைக்கு ஊற்றும்போது கண்ணில் சோப்பு போகாமல் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் அழமாட்டார்கள்.

குழாய்க்கு வருவோம். குழந்தை திருகித் திருகி மூடும் பழைய வகை வேண்டாம். முழுசாக மூடமாட்டார்கள், சொட்டிக்கொண்டே இருக்கும். கால் சுற்றில் திறந்து மூடும் கைப்பிடி வாங்குங்கள். வாளிக் குழாய், வாஷிங் மெஷின் குழாய் மாதிரி இடங்களுக்கு வெள்ளை பிளாஸ்டிக் குழாயே போதும், நம் உப்புத் தண்ணீருக்கு அது அரிக்காது. பேசின் குழாயும் சுடுதண்ணீர் மிக்சரும் மட்டும் நல்ல பித்தளையில் வாங்குங்கள். தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். குழாய் நுனியில் நுரை வரவைக்கும் சல்லடை இருக்கும். அதில் உப்பு அடைத்தால் குழாயையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. தேவையில்லை. கழற்றி ராத்திரி முழுக்க வினிகரில் போட்டுவையுங்கள், காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

சுவருக்குள் போகும் பைப்பில் மட்டும் தயவுசெய்து பணம் பார்க்காதீர்கள். சுடுதண்ணீர் லைனுக்கு சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்) கட்டாயம். டைல்ஸ் ஒட்டும் முன்னால் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். செய்யமாட்டேன் என்கிற பிளம்பருக்கு மீதிக் காசைக் கொடுக்காதீர்கள். தொழிலில் இருப்பவனாகவே சொல்கிறேன்.

காட்பாடி அப்பா

பிளம்பர் அண்ணே, சரியாகச் சொன்னீர்கள். கீசர் பற்றி நான் சேர்க்கிறேன்.

நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் கீசரே தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரே கை வைக்க முடியாத சூடு. குழந்தையைக் குழாயடியில் நேராக நிறுத்தக் கூடாது, முதலில் வாளியில் பிடித்துக் கை வைத்துப் பார்க்க வேண்டும். தொட்டி வாங்குவதாக இருந்தால் வெள்ளை நிறமாகப் பாருங்கள், சூடு கொஞ்சம் குறையும்.

மார்கழி, தை மாதங்களுக்குக் கீசர் வேண்டும். 15 லிட்டர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாராளம். பொருத்த வந்தவர் சூட்டுத் திருகை முழுசாக ஏற்றிவிட்டு, "சீக்கிரம் சூடாகும் சார்" என்றார். கீழே இறக்கச் சொன்னேன். 60 டிகிரித் தண்ணீர் பட்டால் சில விநாடிகளில் தோல் வெந்துவிடும், குழந்தைத் தோலுக்கு அதற்கும் குறைவான நேரம் போதும். நாங்கள் 50க்குக் கிட்டே வைத்திருக்கிறோம். சுவிட்சு பாத்ரூமுக்கு வெளியே, பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில். சுடுதண்ணீர்க் குழாயில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. எழுத்து தெரியாத என் சின்னவள்கூட அதைத் தொடமாட்டாள்.

கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் கீசரைப் போடவே போடாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை முன்னால் நிற்கவைத்துச் சோதியுங்கள். உப்புத் தண்ணீருக்குக் கீசர் உள்ளே மெக்னீசியம் கம்பி கரைந்துகொண்டே வரும், அது கரைந்து தீர்ந்தால் தொட்டி அரிக்கத் தொடங்கும். சர்வீசுக்கு வருபவரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஆற்காடு ஆசிரியை

எல்லாரும் சாமான்களைச் சொன்னீர்கள், கதவைச் சொல்லவில்லையே.

என் அண்ணன் மகன், இரண்டரை வயது, உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான். இழுத்துப் போடத் தெரிந்தது, திறக்கத் தெரியவில்லை. உள்ளே பாதி வாளித் தண்ணீர் வேறு. அண்ணி வெளியே நின்று துடித்த துடிப்பை என்னால் மறக்க முடியாது. ஆயாதான் (பாட்டி) குரலை உயர்த்தாமல், "கண்ணு, ஆயாகிட்ட கதவுக்கு இந்தப் பக்கமா ஒக்காந்து பேசு" என்று அவனைக் கதவடியிலேயே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தச்சர் வந்து கீலைக் கழற்றினார். பிள்ளை சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் நாலு வீட்டிலும் கீழ்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டோம். உள்ளே பூட்டினாலும் வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பினால் திறக்கும் பூட்டு கிடைக்கிறது, அதைப் போட்டோம். வாளியைக் கவிழ்த்துவைப்பதும் இப்போது பழக்கமாகிவிட்டது. தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் நிமிர முடியாது, கொஞ்சம் தண்ணீரே போதும்.

பேர்ணாம்பட்டு தம்பி

வாடகை வீடு, இடிக்க முடியாது. நான் என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி அம்மா

தம்பி, இடிக்காமலே நிறையச் செய்யலாம். அடியில் உறிஞ்சுகள் உள்ள ரப்பர் மேட் போடுங்கள், தினமும் எடுத்துக் காயவையுங்கள், இல்லையென்றால் அடியில் பாசி பிடிக்கும். முக்காலி, சீட் வளையம், கையில் பிடிக்கும் ஷவர் எல்லாம் காலி செய்யும்போது கூடவே வரும். சுவரில் துளை போட வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒட்டும் கொக்கி வாங்கி, டவலைப் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். ஆனால் ஒட்டுக் கொக்கியைப் பிடிமானமாக நம்பாதீர்கள், குழந்தை தொங்கினால் கையோடு வந்துவிடும். ஆர்சிசிபி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வாடகையில் கழித்துக்கொண்டு போட்டுத்தரச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

குடியாத்தம் பிளம்பர்

தம்பி, கீசருக்குப் போகும் பச்சைத் தண்ணீர் லைனில் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை மூடித் திறந்து பார்த்து, இறுகிப்போயிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். ஏதாவது உடைந்தால் முதலில் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியது அதைத்தான்.