ரெண்டு சன்ஸ்கிரீன், இதுல எது நல்லது?

கேள்வி: ரெண்டுமே எஸ்பிஎஃப் (வெயில தடுக்கற அளவு) 50. ஒண்ணுல ஜிங்க் ஆக்சைடு மட்டும்தான், இன்னொண்ணுல அவோபென்சோன், ஆக்டினாக்சேட்னு வெயில தடுக்கற ரெண்டு கெமிக்கல், கூடவே வாசனையும் சேர்த்திருக்காங்க. தினமும் ஸ்கூட்டில ஒரு மணி நேரம் வெயில்ல போறேன், மாநிறம், ரெண்டாவத போட்டா கன்னம் எரியுது. என்ன பண்ணலாம்?

பதில் 1: எரியுதுன்னா முதல்ல அத நிறுத்துங்கக்கா. ஜிங்க் வெயில்ல இருக்கற யூவிஏ, யூவிபிங்கற ரெண்டு வகை புற ஊதாக் கதிரையும் தடுக்கும், சென்சிடிவ் ஸ்கின்னுக்கு பெரும்பாலும் ஒத்துக்கும். ஆனா நம்ம நிறத்துக்கு வெள்ளையா பூசின மாதிரி தெரியும், அதுக்கு டின்ட் (லேசான தோல் நிறம்) உள்ளதா பாருங்க, அதுல அயர்ன் ஆக்சைடுங்கற நிறமி இருக்கும், மங்கு இருக்கறவங்களுக்கும் அது நல்லது.

பதில் 2: இன்னொரு விஷயம், அவோபென்சோன் வெயில் பட்டா மெல்ல உடைஞ்சு தடுக்கற சக்தி குறைஞ்சிடும், ஆக்டினாக்சேட் கூட இருந்தா இன்னும் சீக்கிரம் உடையும். ஆக்டோகிரைலீன் சேர்த்திருந்தா கொஞ்சம் தாங்கும், லேபிள்ல அது இருக்கா?

கேட்டவர்: இப்பதான் பார்த்தேன், இல்லங்க.

பதில் 2: அப்ப ஜிங்க்கே போங்க. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு நீளத்துக்கும் பிதுக்கி முகம் கழுத்துக்கு போடணும், கம்மியா தடவினா 50ங்கறதுக்கு அர்த்தமே இல்ல. வெயில்லயே இருந்தா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப போடுங்க.