விரல் ஷூ மாத்தி 3 வாரம், கால் வலி தாங்கல, உதவுங்க (அவசரம்)

ஓடும்மேகம்:
வணக்கம். வைப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ் (ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை இருக்கற, மெல்லிய சோல் வைச்ச விரல் ஷூ) வாங்கி 3 வாரம் ஆச்சு. முதல் வாரம் கெண்டைக்கால் பிடிச்சுது, அது சரியாயிடுச்சு. இப்போ கால் வலிக்குது. ஓடினா வலி, நின்னா கம்மி. அடுத்த மாசம் 21 கி.மீ. ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கேன். பழகப் பழகச் சரியாகிடுமா, ஷூவைத் தூக்கிப் போடணுமா? சீக்கிரம் சொல்லுங்க.

கெண்டைக்கால்:
கால்னா எங்க? குதிகாலா, உள்வளைவா, மேல்பாதமா, கணுக்காலுக்குப் பின்னாடியா? ஒவ்வொண்ணுக்கும் வழி வேற. வாரத்துக்கு எத்தனை கி.மீ.? முன்னாடி போட்டிருந்த ஷூ எது, அதோட டிராப் (குதிகால் பக்கம் முன்பாதத்தை விட எவ்வளவு உசரம்) எவ்வளவு? தார் ரோடா, மண்ணா? இதைச் சொன்னாத்தான் யாராலயும் பதில் சொல்ல முடியும்.

பாதரேகை:
எனக்கு முதல் சந்தேகம் சைஸ் மேலதான். விரல் ஷூவை வழக்கமான ஷூ நம்பரை வைச்சு வாங்கக் கூடாது. சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பி இருக்கும்போது, குதிகாலைச் சுவரோட ஒட்டி நின்னு, நீளமான விரலோட நுனியில பென்சில் கோடு போடுங்க. ரெண்டு காலையும் அளந்து, பெரிய அளவை அந்தக் கம்பெனி அட்டவணையில பாருங்க. விரல் நுனி உறையோட முனையைத் தொடணும், மடங்கக் கூடாது. ரெண்டாவது விரல் கட்டைவிரலை விட நீளமா இருக்கறவங்களுக்கு இங்கதான் சிக்கல். கட்டைவிரலுக்குப் பார்த்து வாங்கினா ரெண்டாவது விரல் நாள் முழுக்க மடங்கியே கிடக்கும். உள்ள விரல் சாக்ஸ் போடறீங்களா? போட்டா அதுக்கும் இடம் வேணும்.

தார்ரோடு:
எந்தக் கால்? வலதா, இடதா? அதை முதல்ல சொல்லுங்க. வண்டி வர்ற திசையைப் பார்த்து ரோட்டோட வலது ஓரத்துல ஓடறவங்களுக்கு, தண்ணி வடியறதுக்காக விட்ட சரிவுல வலது கால் எப்பவும் பள்ளத்துல விழும், இடது கால் மேட்டுல உள்பக்கமா சாயும். தடிமனான ஷூ அந்தச் சாய்வைக் கொஞ்சம் மறைச்சிடும். மெல்லிய சோல் மறைக்காது. ஒரு பக்கம் மட்டும் வலின்னா ரோட்டைப் பாருங்க, ஷூவை இல்ல.

நெடுவழி:
இந்தக் கேள்வி இங்க மாசத்துக்கு ரெண்டு தடவை வருது தம்பி. மேல ஒட்டி வைச்சிருக்கற பதிவைப் படிச்சிருந்தா மூணாவது வாரத்துல இங்க வந்து நிக்க வேண்டியிருக்காது. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 400 மீட்டர்ல இருந்து அதிகபட்சம் 1.6 கி.மீ. அதுக்கப்புறம் வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல கூட்டக் கூடாது. கெண்டைக்கால் பிடிச்சப்பவே உடம்பு சொல்லிடுச்சு. அந்த வலி போனதும் பழகிட்டோம்னு நினைச்சிருப்பீங்க. எல்லாரும் செய்யற தப்பு இதுதான்.

ஓடும்மேகம்:
மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். மேல்பாதம், ரெண்டாவது விரலுக்கு நேர் மேல. லேசா வீங்கியிருக்கு. தினம் 5 கி.மீ., ஞாயிறு 10. கோவை ரேஸ்கோர்ஸ் சுத்துப்பாதை. முன்னாடி 12 மி.மீ. டிராப் ஷூ, 4 வருஷம். வயசு 38. சைஸ் சரியாத்தான் இருக்கு. குதிகால் தரையில படாம முன்பாதத்துல ஓடறேன், அப்படித்தானே ஓடணும்?

கெண்டைக்கால்:
இல்ல, அப்படி இல்ல. முன்பாதம் முதல்ல தொடலாம். ஆனா ஒவ்வொரு அடியிலயும் குதிகால் இறங்கித் தரையைத் தொடணும். குதிகாலைத் தூக்கியே வைச்சு ஓடினா மொத்தச் சுமையும் கெண்டைக்கால்லயும் பாதத்தோட நீள எலும்புகள்லயும் நிக்கும். அடியைச் சின்னதாக்குங்க, நிமிஷத்துக்கு 170, 180 அடி வரட்டும், முழங்காலை லேசா மடக்கி உடம்புக்கு நேர் கீழ காலை வைங்க. சத்தம் கேட்கக் கூடாது. விரல் ஷூவுல தப்பு அடி 'தப் தப்'னு காதுல விழும்.

இன்னொண்ணு, மேல்பாதத்துல பட்டை இருக்கற மாடலா? அதை இறுக்கிக் கட்டினாலும் மேல இருக்கற தசைநார் உரசி வீங்கும். பட்டையைத் தளர்த்திட்டு ரெண்டு நாள் நடந்து பாருங்க. ஒத்தைக்காலில் நாலு தடவை குதிச்சும் பாருங்க.

செவ்வந்தி_பிசியோ:
குதிச்சுப் பார்க்காதீங்க. இவருக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம். எலும்புல பிரச்சினை இருந்தா, நாலு குதி போதும் விரிசலாக.

அதுக்குப் பதிலா இப்படிச் செய்யுங்க. உட்கார்ந்து, ஆள்காட்டி விரல் நுனியால ரெண்டாவது நீள எலும்பு மேல, விரல் அடியில இருந்து கணுக்கால் பக்கமா ஒரு ஒரு சென்டிமீட்டரா அழுத்திட்டே வாங்க. காசளவு இடத்துல மட்டும் சுருக்குன்னு இருந்தா எலும்பு. நீளவாக்குல பரவலா வலிச்சு, விரல்களை மேல தூக்கும்போது கூடினா தசைநார், அப்போ கெண்டைக்கால் சொன்ன மாதிரி பட்டைதான் காரணம். இரவுல சும்மா படுத்திருக்கும்போதும் விண்விண்ணுன்னா எலும்புன்னே வைச்சுக்கோங்க.

ரெண்டாவது எலும்பு அஞ்சுலயும் நீளமானது. அதோட அடிப்பகுதி பக்கத்து எலும்புகளுக்கு நடுவுல ஆப்பு மாதிரி செருகி நிக்கும், அசையாது. அதனால வளைவு முழுசும் நடுத்தண்டுல விழும். சரி, ஏன் மூணாவது வாரம்? புதுச் சுமை வந்தா உடம்பு முதல்ல பழைய எலும்பைக் கரைக்கும், அப்புறம்தான் புதுசாக் கட்டும். கரைக்கறது வாரக்கணக்கு, கட்டறது மாசக்கணக்கு. இடையில இருக்கற நாட்கள், ஓடு பிரிச்ச வீட்டுல மழை பெய்யற மாதிரி. தசை அதுக்குள்ள பழகிடும், வலி போயிடும், நீங்க தூரத்தைக் கூட்டுவீங்க.

2013ல வெளியான ஆய்வு ஒண்ணு இருக்கு. அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்கள், அதுல 19 பேருக்கு இதே விரல் ஷூ, 10 வாரம் படிப்படியா மாத்தினாங்க. முடிவுல எம்.ஆர்.ஐ. எடுத்தா அந்த 19 பேர்ல 10 பேருக்கு எலும்பு மஜ்ஜையில நீர் கோர்த்திருந்தது. படிப்படியா மாத்தினவங்களுக்கே அப்படி. நீங்க முதல் நாளே 5 கி.மீ.

இன்னிக்கே ஓட்டத்தை நிறுத்துங்க. எலும்பு டாக்டரைப் பாருங்க. எக்ஸ்ரே முதல் 2, 3 வாரம் ஒண்ணுமே காட்டாம இருக்கலாம். சுத்தமா இருக்குன்னு சொன்னதும் ஓடப் போயிடாதீங்க, எம்.ஆர்.ஐ. தேவையான்னு கேளுங்க. வைட்டமின் டி அளவும் பாருங்க. வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடறது கூடவே கூடாது. சர்க்கரை இருக்கா? பாதத்துல மரத்த உணர்ச்சி இருந்தா இந்த ஷூ உங்களுக்கு இல்லவே இல்ல.

பனைவிடலி:
இவ்வளவு பயமுறுத்தணுமா? நம்ம தாத்தா பாட்டி செருப்பே இல்லாம வயல்ல நடந்தாங்க. 1948 லண்டன் ஒலிம்பிக்ல இந்தியக் கால்பந்து அணியில பெரும்பாலானவங்க வெறுங்காலோட ஆடி, பிரான்ஸ்கிட்ட 2-1ன்னு ஒரே கோல்லதான் தோத்தாங்க. அபெபே பிகிலா 1960 ரோம் மாரத்தான்ல வெறுங்காலோட ஓடித் தங்கம். காலைக் கெடுத்ததே குஷன் ஷூதான்.

நெடுவழி:
பாதியை மட்டும் சொன்னா எப்படி? பிகிலா ரோம்ல ஓடினது 2:15:16. 1964 டோக்கியோவுல ஷூ போட்டு ஓடினது 2:12:11, மறுபடி தங்கம். கால்பந்து ஆடினது புல்தரை. தாத்தா நடந்தது சேறும் வரப்பும், அதுவும் நடக்கப் பழகின நாள்ல இருந்து. கேட்டவர் 34 வயசு வரைக்கும் என்ன போட்டாரோ தெரியல, அப்புறம் 4 வருஷம் 12 மி.மீ. குதிகால் உயரத்துல ஓடியிருக்கார். இப்போ சிமென்ட் பாதை. ரெண்டும் ஒண்ணா?

பனைவிடலி:
நான் சொல்றது பாத வலுவைப் பத்தி. அதை மறுக்க முடியுமா?

நெடுவழி:
இந்த விரல் ஷூ போட்டா பாதத் தசை வலுவாகும்னு போதிய ஆதாரமில்லாம விளம்பரம் பண்ணினாங்கன்னு அமெரிக்காவுல வழக்கு நடந்து, 2014ல வைப்ரம் கம்பெனி தப்பை ஒத்துக்காமலே 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் பண்ணிக்கிச்சு. அதைப் படிச்சுட்டு வாங்க.

செவ்வந்தி_பிசியோ:
ரெண்டு பேரும் பாதி சரி. வழக்கு முடிஞ்சப்போ ஆதாரம் கம்மி. 2021ல லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வு வந்துச்சு. மெல்லிய ஷூவை அன்றாட வேலைக்கு 6 மாசம் போட்டவங்களுக்கு விரல் மடக்கும் வலு சராசரியா 57 சதவீதம் கூடியிருந்தது. கவனிங்க, அது அன்றாட நடமாட்டம். அந்தப் பலனுக்கு ஓடணும்னே அவசியமில்ல. பாத ஆரோக்கியத்துக்காக வாங்கறவங்க கடைக்கும் ஆபீசுக்கும் போட்டு நடந்தாலே போதும்.

டாக்டர் அனுமதிச்ச பிறகு எப்படித் திரும்பறதுன்னு கேட்பீங்க, இப்பவே சொல்லிடறேன். நடக்கும்போது வலி சுத்தமாப் போய், அழுத்தினாலும் வலிக்காம ரெண்டு வாரம் கழியணும். அப்போ பழைய குஷன் ஷூவுல ஓட்டத்தை ஆரம்பிங்க. விரல் ஷூ வீட்டுக்குள்ள மட்டும், நாளைக்கு 20, 30 நிமிஷம். கூடவே படிக்கட்டு ஓரத்துல குதிகால் தூக்கல், 15 தடவை 3 சுற்று: ஏற 3 விநாடி, நிறுத்த 2, இறங்க 3. இறங்கறதுதான் வேலை செய்யற பாகம், தொப்புன்னு விடாதீங்க. அப்புறம் விரலை மடக்காம உள்வளைவை மட்டும் சுருக்கித் தூக்கணும், 5 விநாடி பிடிச்சு 10 தடவை. முதல்ல விரல் மடங்கத்தான் செய்யும், விடாமப் பண்ணுங்க. கட்டைவிரலை மட்டும் தூக்கி மத்த நாலையும் தரையில வைக்கப் பழகுங்க, அடுத்து மாத்தி.

ஒத்தைக்காலில் 25 தடவை குதிகால் தூக்க முடிஞ்ச பிறகு, ஓட்டத்தோட தொடக்கத்துல 400 மீட்டர் மட்டும் விரல் ஷூ, மீதி பழைய ஷூ. கடைசியில இல்ல, தொடக்கத்துல. களைச்ச கால் தப்பா விழும். ஒருநாள் விட்டு ஒருநாள். முழுசா மாற 4 மாசத்துக்குக் கம்மியா திட்டம் போடாதீங்க.

பாதரேகை:
ஷூவை நிறுத்தி வைக்கப் போறீங்கன்னா ஒரு வேலை. பச்சைத்தண்ணியில கொஞ்சம் வினிகர் கலந்து அரைமணி ஊறப் போட்டு, சோப்புல அலசி, நிழல்ல காயப் போடுங்க. வெயில்ல போட்டா பசை விடும். விரல் இடுக்கு உள்ள ஈரம் நின்னா நாத்தம் போகவே போகாது, ஒவ்வொரு விரல்லயும் காகிதத்தைச் சுருட்டிச் செருகுங்க.

ஓடும்மேகம்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி அழுத்தினேன், ஒரே இடத்துல உயிர் போச்சு. எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. எம்.ஆர்.ஐ.ல நீர் கோர்த்திருக்கு, விரிசல் இன்னும் விழல. 6 வாரம் ஓடக் கூடாது, வைட்டமின் டி கம்மி. 21 கி.மீ.க்குப் பேரை எடுத்துட்டேன்.

செவ்வந்தி_பிசியோ:
நல்ல நேரத்துல போயிருக்கீங்க. நீச்சல் போகலாம். சைக்கிள்னா பெடலை முன்பாதத்தால அழுத்தாம நடுப்பாதத்தால மிதிங்க, அதுவும் வலிக்காத வரைக்கும்தான்.

தார்ரோடு:
எந்தக் கால்னு கடைசி வரைக்கும் சொல்லலையே? ரேஸ்கோர்ஸ்ல தினம் ஒரே திசையில சுத்தறீங்களா? திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது ஒருநாள் இடஞ்சுழியா, மறுநாள் வலஞ்சுழியா ஓடுங்க. அது குஷன் ஷூவுக்கும் பொருந்தும்.