‘தெரியலைங்க’ என்று சொன்ன அந்தம்மா

மிளகுக்கொடி:
அரசியல் அறிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கும் முதுகலை ஆய்வுக்காக ஏற்காட்டில் கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைந்தபோது நடந்தது. பத்துக் கேள்வி. கவர்னர் யார், சபாநாயகர் யார் ரகம்தான், உங்களுக்கே தெரியும். நாகலூர் போகிற வழியில் ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வாசலில் மிளகு காயப்போட்டிருந்தார்கள். ‘உங்க எம்.பி. தொகுதி எது?’ என்று கேட்டு முடிப்பதற்குள் அவர், ‘இதென்ன கேள்வி, சேலந்தான்!’ என்றார். அந்தம்மா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிளகைத் துழாவிக்கொண்டே, ‘தெரியலைங்க.’

நாய்க்குப் பயந்து நின்ற என்னை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டது அந்தம்மாதான். அங்கே வைத்துச் சொன்னார்: ‘கள்ளக்குறிச்சின்னு சொல்லித்தான கண்ணு வந்து ஓட்டுக் கேட்டாங்க? அவரு சேலங்கறாரு. சரி, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.’

ஏற்காடு கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில்தான் இருக்கிறது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. தாளை நான் திருத்தவில்லை. அவருக்குத் ‘தவறு’, அந்தம்மாவுக்குத் ‘தெரியாது’. மதிப்பெண் இரண்டுக்கும் பூஜ்யம்.

அணைக்கட்டு:
ஒரு வீட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். என் மனைவி பட்டதாரி. டிவியில் விவாதம் ஓடினால் எழுந்து போய்விடுவாள். போன மாதம் விருந்தாளிகள் முன்னால் ‘நம்ம எம்.பி. யாரு, சொல்லு பாப்போம்’ என்றேன். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். நானெல்லாம் மேட்டூரில் இருந்துகொண்டு சேலம் எம்.பி. பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆர்வம் வேண்டும், அவ்வளவுதான்.

கொலுசுப்பட்டறை:
அண்ணா, மேட்டூர் தருமபுரித் தொகுதிங்க. சங்ககிரி நாமக்கல்லில் வருது. மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதி இருந்தாலும் சேலம் எம்.பி.க்கு அதில் 6 தான். அண்ணி எதற்குச் சிரித்தார் என்று போய்க் கேளுங்கள்.

என் கதை செவ்வாய்ப்பேட்டையில். எங்கள் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் அக்கா ஒருவர், பேப்பர் படிக்கிற ஆள் இல்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை நிராகரிப்பு என்று பாதித் தெருவுக்கு மெசேஜ் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு போடணும், அதை ஆர்.டி.ஓ. பார்ப்பார் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது அவர்தான். தினமும் பேப்பரைக் கரைத்துக் குடிக்கிற நான் கேட்டேன்: ‘ஏங்க்கா, லைசென்ஸ் குடுக்கற ஆபீஸ்ல எதுக்கு?’ பட்டறையே சிரித்தது. ‘தம்பி, அது வேற ஆர்.டி.ஓ. இவரு கோட்டாட்சியரு.’

அணைக்கட்டு:
தொகுதி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணம் வாங்க வழி தெரிவது அரசியல் அறிவா?

கொலுசுப்பட்டறை:
சபாநாயகர் பெயர் தெரிவது மட்டும் என்னவாம்?

ஓய்வுவாத்தியார்:
வகுப்பில் கேள்வி கேட்டால் பையன்கள் கைதான் முதலில் எழும். விடைத்தாள் திருத்தும்போது கதை வேறாக இருக்கும். என் அனுபவம் இவ்வளவே.

தங்கை மிளகுக்கொடிக்குச் சில யோசனைகள். கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டதே முதல் பிழை. அடுத்து, ‘தெரியாது’ என்பதை ஒரு விடையாக நீட்டினால் பெண்கள் அதை அதிகம் எடுத்துக்கொள்வார்கள், ஆண்கள் குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார்கள். பத்தில் இரண்டாவது தேறிவிடும் அல்லவா? அமெரிக்கத் தேர்தல் ஆய்வுத் தரவை வைத்து மாண்டக், ஆண்டர்சன் என்ற இருவர் 2004இல் இதைக் கணக்கிட்டார்கள். ஆண் பெண் இடைவெளியில் ஏறக்குறைய பாதி இந்த ஊகத்தால் வந்ததுதான் என்றார்கள். மீதிப் பாதி நிஜம், அதையும் மறைக்கக் கூடாது. எனவே ‘தெரிந்தவரை சொல்லுங்கள்’ என்று ஊக்கப்படுத்துங்கள். ரேஷன், குடிநீர், கிராம சபை பற்றியும் நாலு கேள்வி சேருங்கள். கனடாவில் அரசுச் சேவைகளைப் பற்றிக் கேட்டபோது பெண்கள் பின்தங்கவில்லை. முன்னோட்டமாகப் பத்து வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தாளை அச்சடியுங்கள். பென்சிலில் குறியுங்கள்.

மிளகுக்கொடி:
ஐயா, ஆய்வேட்டைக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. அந்த வீட்டுத் தாளின் எண் மட்டும் மறக்கவில்லை, 47.