ஏசி மெக்கானிக்குக்கு உரிமம் கட்டாயம் ஆக்கணுமா? டெல்டா ஆட்கள் சொல்லுங்க

கரந்தை வாசி:
தஞ்சாவூர் கரந்தையில அம்மா தனியா இருக்கிற வீடு. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, உள்ளே குளிரூட்டுற கேஸ் ஆர்-32, வாங்கி மூணு வருஷம் ஆகுது. போன சித்திரையில கூலிங் வரலைன்னு ஒருத்தரைக் கூப்பிட்டோம். "கேஸ் தீர்ந்துபோச்சும்மா"ன்னு அடிச்சுட்டு 2,800 வாங்கிட்டுப் போனார். ஆடி முடியறதுக்குள்ள திரும்ப அதே கதை, வேற ஆள், 3,000. இந்த மாசியில மூணாவது ஆள், 2,900. நாலாவதா வந்த பையன்தான் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தார். வெளியே மாட்டியிருக்கிற அவுட்டோர் பெட்டியில பைப் சேர்ற நட்டுக்குள்ள ஃப்ளேர், அதாவது செம்புக்குழாயோட விரிச்சுவிட்ட முனை, விரிசல் விட்டிருந்துச்சு. அதை வெட்டி, புதுசா ஃப்ளேர் பண்ணி, வாக்குவம் போட்டு (குழாய்க்குள்ள இருக்கிற காத்தைப் பம்ப்ல உறிஞ்சி எடுத்து), கேஸ் ஏத்த 3,200.

முதல் மூணு பேருக்குக் கொடுத்த 8,700 வீண். ஒருத்தரும் பில் கொடுக்கலை, போய்க் கேட்க ஒரு இடமும் இல்லை. வயரிங் வேலைக்குத் தகுதிச் சான்றிதழ், ஒப்பந்ததாரர் உரிமம், அதைக் கொடுக்க மாநிலத்துல ஒரு வாரியம்னு எல்லாம் இருக்கு. ஏசிக்கு மட்டும் ஸ்பேனர் இருந்தா போதுமா? உரிமம் கட்டாயம் ஆகணும்கிறது என் கட்சி.

குடந்தை மெக்கானிக்:
அண்ணே, உங்க அம்மாவுக்கு நடந்தது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா உரிமம்னு ஆரம்பிச்சா முதல்ல அடிபடுறது என்னை மாதிரி ஆளுங்கதான். பத்தாவதோட நின்னவன் நான். 18 வருஷமா இந்த வேலை, கத்துக்கொடுத்தது எங்க ஆசான். எனக்கு எந்தப் பேப்பரும் இல்லை. நான் போட்ட ஃப்ளேர் இதுவரைக்கும் ஒழுகினதில்லை.

எங்களுக்கு வருமானம் மாசியிலிருந்து ஆனி வரைக்கும்தான். ஐப்பசி மழை பிடிச்சா தை வரைக்கும் போன் அடிக்காது. அந்த நாலஞ்சு மாசத்துல சம்பாதிச்சுதான் வருஷம் முழுக்க ஓட்டணும். மாட்டுறதுக்கு 1,500 கேட்டா 1,000க்கு வர்றியான்னு பேரம். மூணாவது மாடியில வெளிச்சுவர்ல தொங்கிக்கிட்டு ஸ்டாண்ட் அடிக்கிறது ரெண்டு ஆள் வேலை. வாக்குவம் பம்ப் ஓடுற அரை மணி நேரம் "சும்மாதானே உக்காந்திருக்கீங்க"ன்னு கேக்குறாங்க. அதைப் போடாம கேஸைத் திறந்துவிட்டே காத்தைத் தள்ளிட்டு 500 குறைச்சு வாங்குறவனைத்தான் அடுத்த தடவை கூப்பிடுறாங்க. தரம் குறைஞ்சதுல பேரம் பேசினவங்களுக்கும் பங்கு இருக்கு.

உரிமம் வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஒரு ஆள் பேர்ல வாங்கி, பத்து ஆள் அதைக் காட்டி வேலை பார்ப்பான்.

ஓய்வுபெற்ற ஐடிஐ ஆசிரியர்:
தம்பி கோபப்படாம கேளுங்க. ஏசியில கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடின சுற்றுக்குள்ள அதுவே திரும்பத் திரும்ப ஓடுது. குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுதுன்னுதான் அர்த்தம். கசிவைத் தேடாம கேஸ் ஏத்துறவர் வேலை தெரியாதவர், இல்லைன்னா தெரிஞ்சே ஏமாத்துறவர்.

முந்தி ஆர்-22ங்கிற பழைய கேஸ் காலத்துல தப்பு பண்ணினா நஷ்டம் பணத்தோட போச்சு. இப்போ வீடுகளுக்கு வர்ற ஆர்-32 மிதமாத் தீப்பிடிக்கும் வகை. ஓடும்போது அழுத்தமும் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல. சில மாடல்கள்ல ஆர்-290, அதாவது புரொப்பேன், நம்ம சமையல் கேஸோட இனம். ஆர்-22க்குப் பழகின கை அதே கேஜையும் அதே ஹோஸையும் இதுல மாட்டினா என்ன ஆகும்? இன்னொண்ணு, லீக் பார்க்க நைட்ரஜன்தான் அடிக்கணும். வெல்டிங் பட்டறையில கிடைக்கிற ஆக்சிஜனை அடிக்கிறவங்களும் இருக்காங்க. கம்ப்ரஸர் எண்ணெயோட அழுத்தத்துல ஆக்சிஜன் சேர்ந்தா வெடிக்கும். அனுபவம் இருக்குங்கிற ஒரே தைரியத்துல இந்த வேலையை விட்டுவைக்க முடியாது.

ஐடிஐயில இதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு. 2019ல மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்துல ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கணும்னு இலக்கு வச்சாங்க. பயிற்சி தானா வந்து சேராது. சான்றிதழ் இல்லாம கேஸ் சிலிண்டரே விற்கக் கூடாதுன்னு சொன்னாத்தான் எல்லாரும் வந்து உட்காருவாங்க.

மன்னார்குடி பொண்ணு:
என் அக்கா அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கா. அங்க ஐயா சொல்ற முறைதான். கேஸைத் தொடுறவங்க தூய காற்றுச் சட்டத்தோட 608ஆம் பிரிவுப்படி மத்திய அரசு அங்கீகரிச்ச தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கணும். வேலை எடுத்துச் செய்ற ஒப்பந்ததாரருக்கு மாநில உரிமம் தனி, அதுக்குக் காப்பீடும் காட்டணும். எந்த உரிம எண்ணையும் இணையத்துலேயே சரிபார்க்கலாம். ஆனா ஆள் வந்து பார்க்கிறதுக்கே அவ கொடுக்கிற கூலியைக் கேட்டா நம்ம ஊர்ல பாதிப் பேர் ஃபேனே போதும்னு சொல்லிடுவாங்க. அதனால என்னால ஒரு பக்கம் நிக்க முடியலை.

எங்க பக்கம் இன்னொரு விஷயம். தை அறுவடையில மெஷின் ஓடினா பதர் பறந்து வந்து அவுட்டோர்ல இருக்கிற மெல்லிசான தகடுகள்ல (ஃபின்) அப்பிக்குது. கூலிங் குறையும். அதுக்கும் கேஸ்தான்னு சொல்றாங்க. தண்ணி அடிச்சுக் கழுவினாலே சரியாப் போச்சு.

நாகை கடலோரம்:
கரந்தை அண்ணே, எங்க பாடு வேற. உப்புக்காத்துல கேஸ் ஓடுற காயில் அரிச்சு பொடிப்பொடியா உதிருது. வேதாரண்யம் பக்கம் இன்னும் மோசம். கேஸ் நிக்காததுக்கு மெக்கானிக் காரணமே இல்லை. ஐயா சொல்றபடி உரிமம் வந்து கூலி ஏறினா, எங்களுக்கு அடிக்கடி அழைக்கிற செலவு மட்டும்தான் ஏறும். நான் உரிமத்துக்கு எதிர்.

குடந்தை மெக்கானிக்:
ஐயா, ஆக்சிஜன் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. நானே ஒருத்தன் கையிலிருந்து பிடுங்கிப் போட்டிருக்கேன். ஆனா ரெண்டு வருஷம் ஐடிஐயில உட்கார எனக்கு எங்க முடியும்? பசங்க படிக்கிறாங்க. கார்த்திகையில, வேலை இல்லாத நேரமாப் பார்த்து, கும்பகோணத்துலேயே பத்து நாள் நடத்தி, கையில வேலை செய்ய விட்டுப் பரீட்சை வச்சா முதல் ஆளா வருவேன். எழுதுற பரீட்சை மட்டும்னா வர மாட்டேன்.

ஓய்வுபெற்ற ஐடிஐ ஆசிரியர்:
செய்முறைத் தேர்வுதான் வேணும், அதுல உங்க பக்கம் நான். பத்து நாள் போதாதுங்கிறதுல மட்டும் மாற மாட்டேன்.

கரந்தை வாசி:
மெக்கானிக் தம்பி, உரிமம் வர்ற வரைக்கும் எங்களை மாதிரி ஆளுங்க என்ன பார்த்து ஆளை நம்புறது?

குடந்தை மெக்கானிக்:
மூணு விஷயம் கேளுங்கண்ணே. லீக் எங்கன்னு காட்டச் சொல்லுங்க. வாக்குவம் பம்ப் வண்டியில இருக்கான்னு பாருங்க. கேஸை எடை போட்டு ஏத்தச் சொல்லுங்க, அவுட்டோர்ல ஒட்டியிருக்கிற பிளேட்டுல எத்தனை கிராம்னு எழுதியிருக்கும். ஒன்றரை டன்னுக்குப் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்ளதான். பில்லுல அந்த எடையை எழுதிக் கையெழுத்துப் போடாதவனுக்குப் பணம் கொடுக்காதீங்க. நான் இனிமே எழுதித் தர்றேன்.

அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க. புது ஃப்ளேர் போட்ட நட்டை ஒரு வாரம் கழிச்சு விரலால தடவிப் பார்க்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா இன்னும் கசியுது.

கரந்தை வாசி:
இன்னிக்குக் காலையில அம்மா பழைய வேட்டித்துணியால துடைச்சுப் பார்த்துட்டு போன் பண்ணாங்க. பிசுக்கு இல்லையாம், துணி சுத்தமா இருக்காம். அந்த நாலாவது பையனோட நம்பரை அம்மா காலண்டர்ல எழுதி வச்சிருக்காங்க. அவர்கிட்டயும் சான்றிதழ் இல்லை, கேட்டுப் பார்த்துட்டேன். இருந்தாலும் என் கட்சியை மாத்திக்கலை தம்பி. அவர் கிடைக்கிறதுக்கு முன்னாடி மூணு பேர் வந்துட்டுப் போயிட்டாங்களே.