மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா?

தங்கை: சித்தப்பா, ஒரு கணக்கில் எனக்குத் தெளிவு வேண்டும். 12 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு கருவியின் வழியாக 3 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. மின்தடை 12 ÷ 3 = 4 ஓம், திறன் 12 × 3 = 36 வாட் என்று கண்டுவிட்டேன்.

தங்கை: ஆனால் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினாலும் திறன் கிடைக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும் திறன் கிடைக்கும் என்று புத்தகத்தில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கிறது. முதல் வரியின்படி தடை கூடினால் திறன் கூடுகிறது, இரண்டாம் வரியின்படி குறைகிறது. எதை எடுத்துக்கொள்வது?

நான்: 3 × 3 × 4 என்றாலும் 36, 12 × 12 ÷ 4 என்றாலும் 36. இரண்டும் ஒன்றுதானே?

தங்கை: விடை ஒன்றாக வருவதை நானும் பார்த்தேன் அண்ணா. 4 ஓமை எடுத்துவிட்டு 8 ஓமை வைத்தால் என்ன ஆகும் என்பதே என் கேள்வி.

சித்தப்பா: எது மாறாமல் இருக்கிறது என்று சொல்லாதவரை அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. 12 வோல்ட் பேட்டரி அப்படியே இருந்தால், 8 ஓமில் மின்னோட்டம் 1.5 ஆம்பியராகக் குறைந்து, திறன் 18 வாட்டாகிவிடும். மாறாக, எப்பாடுபட்டாவது 3 ஆம்பியரையே செலுத்தும் மூலம் ஒன்று இருந்தால், அது 24 வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கும், திறன் 72 வாட்டாக உயரும். மின்னழுத்தம் நிலையாக இருக்கும் இடத்தில் வகுக்கும் சூத்திரத்தையும், மின்னோட்டம் பொதுவாக இருக்கும் இடத்தில் பெருக்கும் சூத்திரத்தையும் எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பெரியம்மா: தம்பி, குறுக்கே கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வருவது எப்போதும் 230 வோல்ட்தான். ஹீட்டரை விட அதன் வயருக்குத் தடை மிகக் குறைவு. அப்படியானால் வகுக்கும் சூத்திரத்தின்படி வயரல்லவா அதிகமாகச் சூடாக வேண்டும்?

சித்தப்பா: அண்ணி, பலரும் இடறும் இடம் இது. 1000 வாட் ஹீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 ÷ 230 என்றால் சுமார் 4.35 ஆம்பியர். 230 ÷ 4.35 என்றால் சுமார் 52.9 ஓம். வயரின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் முழுவதும் வயருக்குக் கிடைப்பதில்லை. வயரும் ஹீட்டரும் தொடராக இருப்பதால், ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் சென்று, மின்னழுத்தம் தடைகளின் விகிதத்தில் பிரிகிறது. வயருக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டும், எஞ்சியது ஹீட்டருக்கும் சேர்கின்றன. வயரில் வெளிப்படுவது சுமார் 9 வாட், அதுவும் அதன் நீளம் முழுவதும் பரவிவிடுகிறது. அதே அரை ஓம் பிளக்கின் தளர்ந்த முனை ஒன்றில் குவிந்தால், அந்த 9 வாட்டே பிளாஸ்டிக்கை உருக்கப் போதுமானது.

சித்தப்பா: தங்கைக்கு ஒரு கணக்கு: 1000 வாட், 500 வாட் ஹீட்டர்கள் இரண்டைத் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் எது அதிகம் சூடாகும்? தாளில் செய்தால் போதும், வயரைத் தொட வேண்டாம்.

தங்கை: 500 வாட் ஹீட்டரின் தடை 230 × 230 ÷ 500 = 105.8 ஓம். மொத்தம் 158.7 ஓம், மின்னோட்டம் சுமார் 1.45 ஆம்பியர். 1000 வாட் ஹீட்டரில் 111 வாட்டும், 500 வாட் ஹீட்டரில் 222 வாட்டும் வருகின்றன. சிறியதுதான் அதிகம் சூடாகிறது!

சித்தப்பா: சரி. மின்னோட்டம் பொதுவாக இருப்பதால் பெரிய தடை முந்திக்கொண்டது. பக்க இணைப்பில் வைத்தால் மின்னழுத்தம் பொதுவாகி, சிறிய தடை முந்தும்.

நான்: சித்தப்பா, 60 வாட் இழை பல்பு ஒன்றைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன், 65 ஓம் காட்டியது. 230 × 230 ÷ 65 என்றால் 800 வாட்டுக்கு மேல் வருகிறதே?

சித்தப்பா: மல்டிமீட்டர் குளிர்ந்த இழையை அளந்திருக்கிறது. எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாவதால், அதன் தடை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்து, 882 ஓம் அளவில் நிற்கிறது. ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாமல் இருந்தால் பொருந்தும் என்ற நிபந்தனையைப் பாடத்தில் படித்துவிட்டு அப்படியே கடந்துவிடுகிறோம். நீ கண்ட 800 வாட்டும் வெறும் கற்பனையல்ல, சுவிட்சைப் போட்ட முதல் நொடியின் மிகச் சிறிய பகுதியில் அந்த அளவை நெருங்கும் மின்திறன் உண்மையிலேயே பாயக்கூடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் வேளையில் அறுந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியம்மா: அப்படியானால் ஹீட்டரையும் அளந்து கணக்கிடக் கூடாதா?

சித்தப்பா: அளக்கலாம் அண்ணி, பிளக்கைப் பிடுங்கிய பிறகு. ஹீட்டர் கம்பி பெரும்பாலும் நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியம் உலோகக் கலவை என்பதால், சூடானாலும் அதன் தடை சில விழுக்காடுதான் மாறும். அளந்த தடையிலிருந்து வரும் திறன் உண்மைக்கு அருகிலேயே இருக்கும்.